நோட்டை மூடி எழுத முடிகிறதா? முதலாண்டு மாணவருக்கு ஒரு படிப்பு இலக்கு வழிகாட்டி

பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் இலக்கை நாம் வைத்ததில்லை. காலையில் சிறப்பு வகுப்பு, மாலையில் தேர்வு, அரையாண்டு முடிந்ததும் முதல் ரிவிஷன், இரண்டாம் ரிவிஷன் என்று எல்லாவற்றையும் பள்ளியே பார்த்துக்கொண்டது. எந்தப் பாடத்தை எந்தக் கிழமை படிப்பது என்று யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. கல்லூரிக்கு வந்த பிறகு யாரும் கேட்பதில்லை. முதல் இன்டர்னல் (கல்லூரியே நடத்தும் உள் தேர்வு) தேதியை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போதுதான் இத்தனை வாரம் போனதே உறைக்கும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. முதல் செமஸ்டர் நோட்டின் முதல் பக்கத்தில் "9 பாயின்ட் எடுக்க வேண்டும்" (பத்துக்கு ஒன்பது) என்று பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். கணிதத்தில் தேர்ச்சி பெறவில்லை, அரியர் விழுந்தது. சோம்பல்தான் காரணம் என்று வீட்டில் நினைத்தார்கள், நானும் அப்படியே நம்பினேன். அடுத்த செமஸ்டரில் ஒரு சீனியர் அண்ணன் என் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, இன்னைக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன செய்யப் போற?" என்று கேட்டார். பதில் இல்லை. அந்த 9 பாயின்ட் வரியில் அதற்கான பதில் எங்கேயும் இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும், பிறகு பல ஜூனியர்களோடு உட்கார்ந்து செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த பொறியியல் கல்லூரியின் முதல் செமஸ்டரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். எண்களுக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன், அதாவது விதித்தொகுப்பு. உங்கள் ஆண்டுக்கு வேறு ரெகுலேஷன் இருக்கலாம், உங்கள் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரியாக இருக்கலாம், கலை அறிவியல் கல்லூரியாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

முதலில் ஐந்து தாள்களைச் சேருங்கள்

இலக்கு எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ், தேர்ச்சி விதிகள் உள்ள ரெகுலேஷன், கல்லூரியின் செமஸ்டர் நாட்காட்டி, வகுப்பு டைம்டேபிள், ஒவ்வொரு பாடத்துக்கும் பழைய பல்கலைக்கழகக் கேள்வித்தாள் நான்கைந்து. சிலபஸும் ரெகுலேஷனும் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே கிடைக்கும். கேள்வித்தாள் கல்லூரி நூலகத்திலோ சீனியரிடமோ இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து ஒரே ஃபைலில் போடுங்கள். போனில் வைத்திருந்தால் திறந்து பார்க்க மாட்டோம், இது அனுபவம்.

கேள்வித்தாளை இப்போதே ஏன் பார்க்க வேண்டும்? தாள் எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதற்காகப் படிக்கிறோம் என்பது தெரியும். வழக்கமான தியரித் தாளில் 10 டூ மார்க், ஐந்து 13 மார்க், ஒரு 15 மார்க். மொத்தம் 100, நேரம் மூன்று மணி. அதாவது ஒரு 13 மார்க் கேள்விக்கு உங்களுக்குக் கிடைப்பது சுமார் 23 நிமிடம். இந்த 23 நிமிடத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

மதிப்பெண் கணக்கு

ஒரு பாடத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் எண்தான் கிரெடிட். முதல் செமஸ்டரில் மொத்தம் 22 கிரெடிட். கணிதத்துக்கு 4. இயற்பியல், வேதியியல், பைத்தான், ஆங்கிலம் நான்கும் தலா 3. தமிழர் மரபு 1. மீதி 5 ஆய்வகங்களுக்கு: இயற்பியல்–வேதியியல் ஆய்வகம் 2, பைத்தான் ஆய்வகம் 2, ஆங்கில ஆய்வகம் 1. ஜி.பி.ஏ. என்பது ஒவ்வொரு பாடத்தின் கிரேடு பாயின்டையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுப்பது. கணிதத்தில் ஒரு கிரேடு ஏறினால் ஜி.பி.ஏ. சுமார் 0.18 ஏறும். தமிழர் மரபில் ஒரு கிரேடு ஏறினால் 0.05கூட ஏறாது. தமிழர் மரபு நல்ல பாடம், ஆசையோடு படியுங்கள். நேரத்தைப் பங்கு போடும்போது மட்டும் இந்தக் கணக்கு கண்ணில் இருக்கட்டும்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஆய்வகங்கள் மூன்றும் சேர்ந்தால் 5 கிரெடிட், கணிதத்தைவிட அதிகம். அதிலும் ஆய்வகத்துக்கு இன்டர்னல் 60, இறுதித் தேர்வு 40. அந்தந்த வாரம் அப்சர்வேஷனை (ஆய்வகத்திலேயே எழுதும் குறிப்பேடு) திருத்தி வாங்கி, ரெக்கார்டை எழுதி, பைத்தான் புரோகிராமைத் தானே ஓட்டிப் பார்த்தவருக்கு இதில் பெரும்பகுதி வந்துவிடும். செமஸ்டர் கடைசியில் ஒரே ராத்திரியில் பத்து எக்ஸ்பெரிமென்ட் ரெக்கார்டு எழுதுகிறவர் தூக்கத்தையும் இழக்கிறார், மதிப்பெண்ணையும் இழக்கிறார். ஆகவே உங்கள் முதல் வார இலக்கு, கேட்கச் சாதாரணமாக இருந்தாலும், இதுதான்: ஆய்வகம் நடந்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் ரெக்கார்டு முடிய வேண்டும்.

தியரிக்கு இன்டர்னல் 40, இறுதித் தேர்வு 60. தேர்ச்சிக்கு இறுதித் தேர்வில் 45 சதவீதம் கட்டாயம், இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். இன்டர்னலில் 40க்கு 30 வாங்கியவர் மொத்தம் 50ஐத் தொட இன்னும் 20 போதும் என்றாலும், 45 சதவீத விதியால் 27 வாங்கியே ஆக வேண்டும். அதாவது 100 மார்க் தாளில் 45. இன்டர்னலில் 18 மட்டுமே வாங்கியவருக்கு 60க்கு 32 தேவை, 100 மார்க் தாளில் 54. ஒன்பது மதிப்பெண் பாரத்தை அவர் இன்டர்னலிலேயே முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறார். 8 பாயின்டுக்கு மொத்தம் 71 வேண்டும் என்று வைத்துக்கொண்டால்: இன்டர்னல் 32 என்றால் இறுதித் தேர்வில் 60க்கு 39, தாளில் 65.

இந்தக் கணக்கை ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 8 பாயின்ட் என்கிற பெரிய வார்த்தை, "வேதியியல் தாளில் 65" என்கிற கைக்கடக்கமான எண்ணாக மாறும். பயம் பாதி குறையும்.

உண்மையில் எவ்வளவு நேரம் இருக்கிறது

ஒரு வாரம் எந்தத் திட்டமும் போடாமல், எழுந்தது முதல் படுத்தது வரை எதற்கு எவ்வளவு நேரம் போனது என்று மட்டும் எழுதுங்கள். கல்லூரிப் பேருந்தில் காலை ஆறரைக்கு ஏறி மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறவருக்கு, கை கால் கழுவி, சாப்பிட்டு, வீட்டு வேலையில் கொஞ்சம் கை கொடுத்தால் எட்டு மணி ஆகிவிடும். ஒன்றரை மணி நேரம் ஒழுங்காக உட்கார முடிந்தால் அதுவே பெரிது. வாரத்தில் ஐந்து நாள் ஒன்றரை, சனி ஞாயிறு நான்கு நான்கு. மொத்தம் பதினைந்தரை மணி நேரம். ஹாஸ்டல்காரருக்கு நேரம் கூடுதல், ஆனால் அது பேச்சிலும் மெஸ் வரிசையிலும் போய்விடும்.

இந்தப் பதினைந்தரையில் பன்னிரண்டுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். காய்ச்சல் வரும், உறவில் கல்யாணம் வரும், மின்சாரம் போகும். தவிர, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஊகிப்பதில் மனிதர்கள் பொதுவாகத் தவறுகிறோம். உளவியலாளர் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், இளங்கலை ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. அவர்கள் சோம்பேறிகள் அல்ல. எல்லாம் சரியாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றே நம் மனம் கணக்குப் போடுகிறது.

இலக்கை எழுதுவது எப்படி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். "படிப்பேன்", "முடிப்பேன்", "பார்ப்பேன்" என்று முடியும் வரி இலக்கு ஆகாது. நோட்டை மூடிவிட்டு உங்கள் கையிலிருந்து என்ன வெளியே வரும் என்று அந்த வரி சொல்ல வேண்டும்.

கணிதத்தின் முதல் யூனிட் மேட்ரிக்ஸ். பெரும்பாலானோர் எழுதுவது இப்படி இருக்கும்: "இந்த வாரம் மேட்ரிக்ஸ் முடிக்கணும்." வெள்ளிக்கிழமை மேட்ரிக்ஸ் முடிந்ததா என்று கேட்டால் "ஏறக்குறைய முடிச்சிட்டேன்" என்பார்கள். முடிந்ததா இல்லையா என்பதே தெரியாத இலக்கு அது. அதையே இப்படி எழுதலாம்: "வியாழன் இரவுக்குள், 3×3 மேட்ரிக்ஸுக்கு ஐகன் மதிப்பும் ஐகன் வெக்டரும் காணும் கணக்கு இரண்டை, பழைய கேள்வித்தாளிலிருந்து எடுத்து, நோட்டை மூடி, ஒவ்வொன்றையும் 23 நிமிடத்துக்குள் போடுவேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் கேலி–ஹாமில்டன் தேற்றத்தில் இரண்டு." இப்போது பதில் ஆம் அல்லது இல்லை. இரண்டில் ஒன்று வந்து இன்னொன்று நடுவில் நின்றுவிட்டால், எந்த வரியில் நின்றது என்பதும் கண்முன் இருக்கும். நாளைக்கு ஆசிரியரிடம் கேட்க உங்களுக்கு ஒரு சரியான கேள்வி கிடைத்துவிட்டது.

தியரிப் பாடத்துக்கும் இதேதான். "வேதியியலில் நீர் யூனிட் படிப்பேன்" வேண்டாம். "கடின நீரை மென்னீராக்கும் அயனிப் பரிமாற்ற முறையைப் படத்தோடும் வினைகளோடும் ஒன்றரைப் பக்கம், பார்க்காமல் எழுதுவேன்" என்று எழுதுங்கள். பைத்தானில், "லிஸ்டில் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமைக் காகிதத்தில் எழுதி, பிறகு கணினியில் ஓட்டிச் சரிபார்ப்பேன்."

நோட்டை மூடுவதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், திரும்பத் திரும்ப வாசிப்பது நம்மை ஏமாற்றும். பார்த்துப் பழகிய பக்கம் தெரிந்த பக்கம் போலத் தோன்றும். ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு பிரிவினரைத் திரும்ப வாசிக்கவும், இன்னொரு பிரிவினரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதவும் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னணி. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு அதிகம் நினைவிருந்தது. நம்முடைய தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

முதல் தடவை நோட்டை மூடி எழுதும்போது கால்வாசிகூட வராது. மனம் உடைந்து போகும், "எனக்கு இது வராது" என்று தோன்றும். அது தோல்வி இல்லை. தேர்வு அறையில் தெரிய வேண்டியது மூன்று மாதம் முன்பே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். விட்ட இடத்தைச் சிவப்பு மையில் நிரப்பி, மறுநாள் இன்னொரு தடவை எழுதுங்கள்.

எப்போது, எங்கே

இலக்கின் பக்கத்திலேயே நேரத்தையும் இடத்தையும் எழுதுங்கள். "மெஸ்ஸில் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், அறைக்குப் போகாமல் நேராக ஸ்டடி ஹாலுக்குப் போய், கணித நோட்டைத் திறப்பேன்." ஏற்கனவே தினமும் நடக்கும் ஒன்றோடு புது வேலையை இப்படி முடிச்சுப் போட்டால் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். பேருந்தில் கணக்குப் போட முடியாது, ஆனால் டூ மார்க் விடைகளைக் கண்ணை மூடிச் சொல்லிப் பார்க்க முடியும். காலைப் பயணத்துக்கு ஐந்து டூ மார்க் என்று வைத்தாலே வாரத்துக்கு 25 ஆகிறது.

போன் வேறு அறையிலோ பையின் அடியிலோ இருக்கட்டும். மேசை மேல் கவிழ்த்து வைப்பது போதாது.

இடைவெளி விட்டுத் திரும்பிப் பாருங்கள்

ஒரு யூனிட்டை ஒரு வாரம் போட்டு, பிறகு மாடல் எக்ஸாம் வரை திரும்பிப் பார்க்காமல் இருந்தால் புதிதாகப் படிப்பது போலத்தான் இருக்கும். கற்றது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885லேயே தன்மேல் சோதித்து எழுதிவிட்டார். மறுநாள் ஒரு முறை, ஒரு வாரம் கழித்து ஒரு முறை, இன்டர்னலுக்கு முன் ஒரு முறை போதும். ஒவ்வொரு முறையும் முழுக்க வேண்டாம், அந்தப் பகுதியில் ஒரே ஒரு கேள்வியை மூடி எழுதினாலே தெரிந்துவிடும்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு

இதற்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் 2021இல் வந்த பிறகு, தமிழ் வழியில் படித்த பலர் இந்த வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் மாதம் வகுப்பில் ஒன்றும் புரியாமல், பாடமே புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பாடம் புரியாமல் இல்லை. "மேட்ரிக்ஸ்" என்ற சொல்லைக் கேட்கும்போது பதினொன்றிலும் பன்னிரண்டிலும் போட்ட "அணி" அதுதான் என்று உடனே தொடர்பு வருவதில்லை. "டிஃபரன்ஷியேஷன்" நீங்கள் போட்ட வகைநுண்கணிதம்தான். "இன்டக்ரேஷன்" தொகைநுண்கணிதம். பாதிக்கு மேல் உங்களுக்கு ஏற்கனவே தெரியும், பெயர்தான் மாறியிருக்கிறது.

ஆகவே முதல் ஆறு வாரத்துக்குத் தனியாக ஒரு இலக்கு வையுங்கள். நாளைக்கு எட்டுச் சொல். சிறிய நோட்டில் ஒரு பக்கம் பள்ளிச் சொல், எதிர்ப் பக்கம் கல்லூரிச் சொல், கீழே அந்தச் சொல் வரும் ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில். ஆறு வாரத்தில், வாரத்துக்கு ஐந்து நாள் என்றாலும் 240 சொல். முதல் செமஸ்டர் பாடங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களில் பெரும்பகுதி இதில் வந்துவிடும். புரிந்துகொள்வதைத் தமிழிலேயே செய்யுங்கள், அதில் கூச்சமே வேண்டாம். எழுதுவதை மட்டும் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் செய்யுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. இலக்கணப் பிழை இருந்தாலும் படமும் படிகளும் சூத்திரமும் சரியாக இருந்தால் மதிப்பெண் வரும். வரி வரியாக மனப்பாடம் செய்து எழுதினால், நடுவில் ஒரு சொல் மறந்ததும் மீதி முழுதும் போய்விடும். இந்த ஒரு பழக்கத்தால் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் தடுமாறியதைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம்

ஞாயிறு மாலை நோட்டைத் திறந்து, அந்த வார இலக்குகளுக்கு எதிரே டிக் அல்லது பெருக்கல் குறி போடுங்கள். பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில் எழுதுங்கள்: "ஐகன் வெக்டர் புரியவில்லை", "செவ்வாய் தலைவலி", "நண்பர்களோடு வெளியே போனேன்". இது யாருக்கும் காட்டும் நோட்டு இல்லை, உள்ளதை எழுதுங்கள்.

பிறகு அடுத்த வாரத்துக்கு எழுதுவது. விட்டுப்போனதை எல்லாம் அப்படியே அடுத்த வாரத்தின் தலையில் ஏற்றாதீர்கள். மூன்றாம் வாரத்தில் பட்டியல் இரண்டு பக்கம் ஆகும், நான்காம் வாரம் நோட்டையே திறக்க மாட்டீர்கள். விட்டதில் முக்கியமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, புதியதில் ஒன்றைக் குறையுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து பாதிக்கு மேல் பெருக்கல் குறி விழுந்தால் இலக்கு பெரிதாகிவிட்டது என்று பொருள், எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரே காரணம் மூன்று முறை வந்தால் அதற்குத்தான் முதலில் வழி தேட வேண்டும். புரியவில்லை என்பது காரணமானால் ஆசிரியரிடம் போங்கள். ஸ்டாஃப் ரூமுக்குப் போகப் பயமாக இருந்தால், நின்றுபோன வரியோடு நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "மேடம், இந்த வரிக்கு அப்புறம் எப்படிப் போறதுன்னு தெரியல" என்று கேட்பவரை ஆசிரியர்கள் விரட்டுவதில்லை.

கூட்டுப் படிப்பு நல்லது, ஆனால் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். தனித்தனியே எழுதிவிட்டு வந்து, ஒருவர் தாளை ஒருவர் திருத்துங்கள்.

மற்ற ஆசைகள்

கேட் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி., கோடிங், ஜப்பானிய மொழி என்று முதல் செமஸ்டரிலேயே எல்லாம் அழைக்கும். ஒரு செமஸ்டருக்கு ஒன்று போதும். எடுத்துக்காட்டாக என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் இணையவழி வகுப்பு) பாடம் சேர விரும்பினால், சேர்வதற்குக் கட்டணம் இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். வாராவாரம் அசைன்மென்ட் உண்டு, இறுதி மதிப்பெண்ணில் 25 அதற்கு, 75 தேர்வுக்கு. முதல் முறை சேருபவர் 12 வாரப் பாடத்தில் குதிக்காமல் 4 வாரப் பாடத்தில் தொடங்கினால், ஒரு வாரத்துக்கு அது எவ்வளவு நேரம் கேட்கிறது என்பது தெரிந்துவிடும். அந்த நேரத்தை அந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான் எடுக்க வேண்டும், தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது.

அரியர் விழுந்துவிட்டால்

விழலாம். அடுத்த செமஸ்டரின் பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டை அதற்கென்று முதல் வாரத்திலேயே ஒதுக்கிவிடுங்கள், ஸ்டடி லீவுக்குத் தள்ளாதீர்கள். ஐந்து யூனிட்டையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பழைய கேள்வித்தாள் ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து தெரிந்ததை எழுதிப் பாருங்கள். எந்த இரண்டு யூனிட் உங்களைத் தூக்கிவிடும் என்று அந்தத் தாளே காட்டும். எனக்கு அது மேட்ரிக்ஸும் மல்டிபிள் இன்டக்ரலும். செவ்வாயும் வெள்ளியும் இரவு ஒரு மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு கணக்கு, நோட்டை மூடி. பதினோராவது வாரத்தில் 13 மார்க் கணக்கு ஒன்றை இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு, கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தேன்.